புல் தெரிந்தவர்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்பத்தோடு கனடாவின் கால்கரியில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஃபோர்ட் மக்ளவுட் அருகே இருக்கும் ஹெட் ஸ்மாஷ்ட் இன் பஃபலோ ஜம்ப் என்ற இடத்துக்குப் போயிருந்தோம். பைசன் (வட அமெரிக்கக் காட்டெருமை) மந்தைகளை விரட்டி வந்து மலைவிளிம்பிலிருந்து விழவைத்துக் கொன்ற இடம். கிட்டத்தட்ட 6,000 ஆண்டுகளாக அங்கே வேட்டை நடந்தது என்றார்கள். என் மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்கு, உண்மையைச் சொன்னால், சலிப்புதான் வந்தது. அதே காலத்தில் மற்ற இடங்களில் பயிர் செய்தார்கள், நகரம் கட்டினார்கள், எழுத்தைக் கண்டுபிடித்தார்கள். இவர்கள் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டு மிருகத்தின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இது தேக்கம் இல்லையா? பனியுகத்துக்குப் பின் கடுமையான வறட்சிகள் வந்தன என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். அப்போதாவது விவசாயத்துக்கு மாறியிருக்கலாமே? இன்னொன்று, ஒரே நாளில் நூறு இருநூறு மிருகங்களைக் கொன்றவர்களை இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர்கள் என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி?

ஒரு வாசகர், கால்கரி

அன்புள்ள நண்பருக்கு,

சலித்தது என்பதை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘அதே இடத்தில் அதே வேலை’ என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மலைவிளிம்பு அதேதான். அதைச் சுற்றியிருந்த புல்லும், புல்லை மேய்ந்த மிருகமும், மிருகத்தை நம்பிய மனிதர்களும் மாறிக்கொண்டே வந்தார்கள். அந்த விளிம்புகூட இடைவிடாமல் பயன்பட்டதில்லை. முதல் பயன்பாட்டுக்குப் பிறகு நீண்ட இடைவெளி இருக்கிறது. 6,000 ஆண்டுகள் என்று ஒற்றை எண்ணாகச் சொல்லும்போது இதெல்லாம் மறைந்துபோகிறது.

புல்லிலிருந்து தொடங்குகிறேன். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலைகளில் ஏறும்போதே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டியதும் இருப்பது மழைமறைவு நிலம், அங்கே கணுக்கால் உயரக் குட்டைப்புல். கிழக்கே போகப்போக மழை கூடி, ஆளை மறைக்கும் நெடும்புல் வந்துவிடும். நடுவில் இரண்டும் கலந்த பட்டை. இந்தப் பட்டை ஓரிடத்தில் நிற்காது. சேர்ந்தாற்போல் சில ஆண்டுகள் மழை பொய்த்தால் குட்டைப்புல் கிழக்கே நகரும், மழை திரும்பினால் பின்வாங்கும். சாதாரண காலத்திலேயே இப்படி என்றால், பனியுகம் முடிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தூரத்திலிருந்து ஒரே பச்சையாகத் தெரிகிற அந்த வெளியில் இரண்டு வகைப் புற்கள் உண்டு. ஒன்று குளிர்ப்பருவப் புல். பனி உருகியதும் துளிர்த்து, கோடை உச்சத்துக்கு வரும் முன்பே முற்றிவிடும். மற்றது வெப்பப்பருவப் புல். வெயில் ஏறிய பிறகுதான் எழும்பும். இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு என்பதால், அவற்றைத் தின்ற மிருகத்தின் எலும்பில் கரிம ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் கரிம அணுக்களின்) விகிதமும் வேறுபடும். பத்தாயிரம் ஆண்டுப் பழைய பைசன் எலும்பை வைத்துக்கொண்டு, அது எந்த வகைப் புல்லை அதிகம் மேய்ந்தது என்று இன்று சொல்லிவிடுகிறார்கள். புல்வெளி மாறிய கதை நமக்குத் தெரியவந்த வழிகளில் இதுவும் ஒன்று.

வேட்டைக்காரர்களுக்கு ஐசோடோப்பு தெரியாது. புல் தெரியும். தெரியாமல் அங்கே ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்ட முடியாது. மிருகத்தின் பின்னால் ஓடினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பைசன் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. நடந்து போகிற மனிதன் அதை ஓடிப் பிடிப்பது நடக்காத காரியம். குதிரை மேலிருந்து அம்பெய்யும் படங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம், ஆனால் அது கடைசிக் காலத்துக் காட்சி. அமெரிக்காவின் சொந்தக் குதிரைகள் பனியுக முடிவில் அழிந்துவிட்டன. ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் நீங்கள் இருக்கும் பகுதிக்கு வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை மனிதரும் நாயும்தான். ஆகவே பைசன் எங்கே வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து அங்கே காத்திருக்க வேண்டும். அதைச் சொல்வது புல்.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் ஃபெஸ்க்யூ என்ற புல் வளர்கிறது. அது காய்ந்து நின்றாலும் குளிர்காலத்தில் சத்து குறையாமல் இருக்கும். மேற்கிலிருந்து வரும் சினூக் என்ற வெதுவெதுப்பான காற்று அங்கே பனியை உருக்கி மேய்ச்சலைத் திறந்துவிடும். கோடையில் சமவெளியில் மேய்ந்த மந்தைகள் குளிர் தொடங்கியதும் அடிவாரத்தை நோக்கி வரும். நீங்கள் பார்த்த மலைவிளிம்பு சமவெளியும் அடிவாரமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

இனி காலத்தால் பின்னே போகிறேன். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமவெளியில் வாழ்ந்தவர்களை க்ளோவிஸ் மக்கள் என்கிறோம். அவர்கள் காலத்தில் அங்கே மாமூத் யானை இருந்தது, ஒட்டகம் இருந்தது, குதிரை இருந்தது. பனியுகம் முடிவதற்குள் வட அமெரிக்காவின் பெரிய பாலூட்டிகளில் 30க்கும் மேற்பட்ட பேரினங்கள் மறைந்துவிட்டன. தட்பவெப்பமா, மனிதனா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. இரண்டும் சேர்ந்தே செய்திருக்கும் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், அடுத்து வந்த தலைமுறைகளுக்கு முன்னால் இருந்தது வேறொரு புல்வெளி. அதில் மிஞ்சிய பெரிய மிருகம் பைசன். இன்றைய பைசனைவிட உருவில் பெரிய பழைய பைசன்.

அந்தக் காலத்தை நமக்குத் திறந்துகாட்டியவர் ஜார்ஜ் மக்ஜங்கின். இவரைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. டெக்சாஸில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். விடுதலைக்குப் பின் மாடு மேய்ப்பவராகி, ஒரு பண்ணைக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். எழுதப் படிக்கத் தானாகக் கற்று, எலும்புகளும் கற்களும் சேகரித்தவர். 1908இல் நியூ மெக்சிகோவின் ஃபால்சம் ஊரை ஒரு பெருவெள்ளம் அடித்தது. அதன் பிறகு வேலிகளைப் பார்த்துக்கொண்டு போனவர், வெள்ளம் அறுத்த ஓடைக்கரையின் ஆழத்தில் எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். மாட்டெலும்பு இவ்வளவு பெரிதாக இருக்காது, இவ்வளவு ஆழத்திலும் கிடக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பலரிடம் சொன்னார். யாரும் வந்து தோண்டாமலே 1922இல் இறந்துபோனார். 1926இல் டென்வர் அருங்காட்சியகத்தார் தோண்டத் தொடங்கினார்கள். 1927இல் ஒரு பைசனின் விலா எலும்புகளுக்கு நடுவே கல் ஈட்டிமுனை அப்படியே கிடந்தது. அதை எடுக்காமல் வைத்திருந்து, மற்ற நிபுணர்களை வரவழைத்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் மனிதன் வந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று அதுவரை அடித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களின் வாதம் அதோடு விழுந்தது.

ஃபால்சமில் கொல்லப்பட்டவை 32 பைசன்கள். இலையுதிர் காலத்து வேட்டை. ஈட்டிமுனைகளில் சில அலிபேட்ஸ் என்ற இடத்துக் கல்லில் செய்தவை. அது டெக்சாஸில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நல்ல கல் எங்கே கிடைக்கும், போகும் வழியில் தண்ணீர் எங்கே, எந்த மாதத்தில் எந்தப் பள்ளத்தாக்கில் மந்தை இருக்கும் என்று இவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தலைக்குள் வைத்திருந்த மக்கள் இவர்கள். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேட்டைக்களங்களை மட்டும் பார்த்தால் இன்னொரு தவறும் நேரும். பைசன் எலும்பு பத்தாயிரம் ஆண்டு நிற்கும். கிழங்கின் தோலும் பழத்தின் கொட்டையும் கூடையும் வலையும் நிற்காது. அதனால் நம் மனதில் பதிகிற ஆள் ஈட்டியோடு நிற்கிற ஓர் ஆண். வயோமிங்கில் லா ப்ரீல் என்ற இடத்தில், ஏறத்தாழ 12,900 ஆண்டுப் பழைய முகாமில், காதுள்ள எலும்பு ஊசிகள் கிடைத்தன. அவற்றில் உள்ள புரதத்தைச் சோதித்தபோது நரி, காட்டுப்பூனை இனங்கள், முயல் போன்றவற்றின் எலும்புகள் என்று தெரிந்தது. இவையெல்லாம் ஈட்டியைவிடக் கண்ணியில் எளிதாகச் சிக்குபவை. மென்மயிர்த் தோல்களை நெருக்கித் தைத்த உடை இல்லாமல் அந்தக் குளிரில் ஒருவரும் வேட்டைக்குப் போயிருக்க முடியாது. கண்ணி வைத்தவரும் ஊசி பிடித்தவரும் அந்த வாழ்க்கையைத் தாங்கியதில் ஈட்டி எறிந்தவருக்குக் குறைந்தவர்கள் இல்லை.

சரி, வறட்சிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் அதுதான். ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்பின்னாக, சமவெளி வெப்பத்திலும் வறட்சியிலும் கிடந்தது. தெற்குச் சமவெளியில் ஏரிகள் வற்றின. புல் அடர்த்தி குறைந்த இடங்களில் மணல் பறந்து மேடுகளாகக் குவிந்தது. பைசன்கள் எண்ணிக்கையில் குறைந்தன. இந்த நெடுங்காலத்தில் பழைய பெரிய பைசன் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, இன்று நாம் பார்க்கிற பைசனாக ஆனது.

மனிதர்கள் என்ன செய்தார்கள்? டெக்சாஸில் மஸ்டாங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் 60க்கும் மேற்பட்ட கிணறுகளைத் தோண்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற ஓடைப்படுகையில், இறங்கிக்கொண்டே போகும் நீர்மட்டத்தைத் துரத்தித் தோண்டியவை. அவர்களிடம் கடப்பாரை கிடையாது. கோலும் எலும்பும் கையும்தான். க்ளோவிஸ் மக்களின் கருவிகள் முதலில் கிடைத்த நியூ மெக்சிகோவின் பிளாக்வாட்டர் டிராவிலும் இப்படித் தோண்டிய கிணறுகள் உண்டு. முன்னோர் மாமூத் வேட்டையாடிய நீர்க்கரையில் பேரர்கள் குடிக்கத் தண்ணீர் தேடித் தோண்டியிருக்கிறார்கள்.

இன்னும் பலர் மலைப்பகுதிகளுக்கும் ஓடை வற்றாத பள்ளத்தாக்குகளுக்கும் ஒதுங்கினார்கள். வயோமிங்கில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் தரையைக் குழித்துக் கட்டிய குடியிருப்புகள் வருகின்றன. அவற்றோடு அரைகற்கள் வருகின்றன, சூடேற்றிய கற்களைப் போட்டுக் கிழங்குகளைச் சுடும் குழிகள் வருகின்றன. முயல், மான், மலையாடு என்று கிடைத்ததையெல்லாம் உண்டார்கள். பழைய பரந்த அலைச்சலை விட்டு, ஆண்டின் ஒரு பகுதியையாவது ஓரிடத்தில் தங்கிக் கழித்தார்கள். இதை நான் தேக்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெரிய வாழ்முறை உடைந்தபோது, உடைந்த துண்டுகளை வைத்து வேறொன்றைக் கட்டியிருக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் பட்டினியில் செத்திருக்கும், அதையும் மறக்கக் கூடாது.

மழை திரும்பியது. புல் அடர்ந்தது. பைசன் பெருகியது. நீங்கள் பார்த்த மலைவிளிம்பு முதலில் பயன்பட்டது வறட்சிக்காலத்தின் கடைசிப் பகுதியில். ஓயாத பெரிய வேட்டைகளெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தவை. தொடக்கத்தில் எறிகோலால் வீசிய ஈட்டி, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வில்லும் அம்பும். ஆயுதத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. வியக்க வேண்டியது அந்த ஏற்பாடு.

விளிம்புக்கு மேற்கே பல கிலோமீட்டர் பரந்த ஒரு மேய்ச்சல் படுகை. அங்கே மந்தை சேரும் பருவம் வரை பொறுக்க வேண்டும். அங்கிருந்து விளிம்பை நோக்கி இரண்டு வரிசையாகச் சிறு கற்குவியல்கள். அவற்றில் செடிகொடிகளைச் செருகிவைப்பார்கள். கன்றின் தோலைப் போர்த்திய இளைஞர்கள் முன்னால் போய்த் தொலைந்த கன்றைப்போலக் கத்துவார்கள், தாய்ப்பசுக்கள் அந்தப் பக்கம் நகரும். பின்னால் ஓநாய்த்தோல் போர்த்தியவர்கள். மந்தை நெருங்கிச் சேர்ந்த பிறகுதான் விரட்டு. அங்கே பெரும்பாலும் அடிப்பது மேற்கிலிருந்து வரும் காற்று. விளிம்புக்குக் கீழே கிழக்குப் பக்கம் இருக்கும் முகாமின் புகையும் இரத்த வாடையும் மந்தைக்குப் போகாது. மந்தையின் கண்ணுக்கு விளிம்பு தெரிவது கடைசி நொடியில், அப்போது பின்னாலிருந்து வரும் மிருகங்களின் எடை முன்னாலிருப்பவற்றை நிற்கவிடாது. ஒருவன் அவசரப்பட்டால், காற்று திரும்பிவிட்டால் எல்லாம் போச்சு. பல குடிகள் கூடி, ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்த காரியம் இது.

கீழே அடுத்த வேலை. நீங்கள் கீழ்ப்பாதையிலும் நடந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பலர் மேல்தளத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விளிம்பின் அடியில் எலும்புப் படிவு 10 மீட்டர் ஆழத்துக்கு மேல் போகிறது. அதற்கும் கீழே இறைச்சியைப் பதப்படுத்திய சமதரை. தரையில் குழி தோண்டி, உள்ளே தோலை விரித்து, தண்ணீர் ஊற்றி, பழுக்கக் காய்ந்த கற்களைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். அங்கேயே கிடைக்கும் மணற்கல் சூட்டில் பொடிந்துவிடும் என்பதால் தாங்கும் கற்களை வேறிடத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். உடைத்த எலும்புகளைக் கொதிக்கவைத்து மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுப்பார்கள். உலர்த்தி இடித்த இறைச்சியோடு அந்தக் கொழுப்பையும் காட்டுப் பழங்களையும் சேர்த்தால் பெமிக்கன். குளிர்காலம் முழுக்கக் கெடாது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களின் வழக்கத்தில் இந்த வேலையில் பெண்களே முதன்மையானவர்கள்.

கொழுப்பை ஏன் இவ்வளவு பாடுபட்டு எடுத்தார்கள் என்றால், கொழுப்பில்லாத வெறும் இறைச்சியை மட்டும் வாரக்கணக்கில் தின்று மனிதன் உயிர்வாழ முடியாது. வயிறு நிறைந்தாலும் உடல் நலிந்து சாகும். குளிர்காலம் முடிந்து மெலிந்து நிற்கும் மிருகம் அதனால் பெரிய உதவி இல்லை. நியூ மெக்சிகோவில் கார்ன்சி என்ற 15ஆம் நூற்றாண்டு வேட்டைக்களத்தில், இளவேனிலில் வேட்டையாடியவர்கள் காளைகளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சினையிலும் பாலூட்டலிலும் பசுக்களின் கொழுப்பு கரைந்துபோயிருக்கும் மாதங்கள் அவை. காளைகளிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். எந்தப் பருவத்தில் எந்த மிருகத்தின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.

இனி, ஏன் விவசாயம் செய்யவில்லை? செய்ய முடிந்த இடங்களில் செய்தார்கள். மிசூரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மக்காச்சோளம் விளைவித்த ஊர்கள் உண்டு. மாண்டன், ஹிடாட்சா மக்கள் அந்த மரபில் வந்தவர்கள். பைசனின் தோள்பட்டை எலும்பைக் கட்டிய மண்வெட்டியால் ஆற்றோர வண்டலைக் கொத்தினார்கள், பைசனும் வேட்டையாடினார்கள். மேட்டு நிலத்தில் வேட்டையாடியவர்கள் இவர்களோடு பண்டமாற்று செய்தார்கள். ஆகவே பயிரைப் பற்றித் தெரியாமல் இல்லை.

மேட்டுப் புல்வெளி அப்படி இணங்காது. நூற்றாண்டுகளாகப் பின்னிய வேர்ப்படலம், உழவு மாடு கிடையாது, இரும்பு கிடையாது. உங்கள் ஊர்ப்பக்கம் ஆண்டு மழை 400 மில்லிமீட்டர் அளவில், அதுவும் நிச்சயமில்லாதது. உறைபனி இல்லாத நாட்கள் குறைவு. மக்காச்சோளம் மெக்சிகோவின் வெப்ப நிலத்தில் பிறந்த பயிர். வடக்கின் குறுகிய கோடைக்கு அது பழகவே பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் சொல்லும் வறட்சிக்காலத்தில் அங்கே விதைக்க விதையே இல்லை. இருந்திருந்தாலும், புல்லே கருகும் நிலத்தில் சோளம் எப்படி நிற்கும்?

பிற்காலத்தில் எஃகுக் கலப்பையோடு வந்தவர்கள் அந்த மேட்டு நிலத்தை உழத்தான் செய்தார்கள். 1930களின் வறட்சியில் மேல்மண் மொத்தமாகக் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14இல் வந்த புழுதிப்புயல் பகலை இருட்டாக்கியது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். அரித்துப்போன வயல்களில் பழைய வேட்டைக்காரர்களின் ஈட்டிமுனைகள் வெளியே வந்து கிடந்தன. விவசாயத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை, நானும் சோறு தின்பவன்தான். வேட்டையிலிருந்து உழவுக்கு ஏறுவதை எல்லா நிலத்துக்கும் பொதுவான படிக்கட்டாக வைத்துப் பார்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

கடைசியாக, கூட்டக் கொலை. இதில் உங்கள் சந்தேகம் நியாயமானது. கொலராடோவில் ஓல்சன் சப்பக் என்ற இடத்தில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 190 பைசன்களை ஒரு குறுகிய ஓடைப்பள்ளத்துக்குள் விரட்டியிருக்கிறார்கள். மேலே கிடந்தவற்றை ஒழுங்காக அறுத்து எடுத்திருக்கிறார்கள். அடியில் நசுங்கிக் கிடந்த சிலவற்றைத் தொடவே இல்லை, எலும்புக்கூடுகள் முழுசாகக் கிடைத்தன. வீண்தான். ஓடத் தொடங்கிய மந்தையைப் பாதியில் நிறுத்த முடியாது, இத்தனை போதும் என்று சொல்ல முடியாது. அவர்களைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. புல்லுக்குத் தீ வைத்து இளந்துளிர் வரவழைத்தவர்கள், நிலத்தைத் தங்களுக்கு ஏற்ப மாற்றியவர்கள். ஆனால் இதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். பண்டமாற்று தவிர அவர்களுக்குப் பெரிய சந்தை இல்லை, தேவைக்கு மேல் சேர்த்துவைத்துப் பெரிய பயனுமில்லை. இத்தனை ஆயிரம் ஆண்டு வேட்டைக்குப் பிறகும் ஐரோப்பியர் வந்தபோது அங்கே பைசன்கள் கோடிக்கணக்கில் இருந்தன. இரயில் பாதையும் துப்பாக்கியும் தோல் வியாபாரமும் சேர்ந்தபோதுதான், 1870களிலும் 80களிலும், சில ஆண்டுகளுக்குள் அவை ஆயிரம் அளவுக்குக் குறைந்தன. பைசனை இழந்த பிளாக்ஃபுட் மக்கள் 1880களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் பட்டினியால் இறந்தார்கள்.

மிஞ்சியவற்றின் சந்ததியை எட்மன்டனுக்குக் கிழக்கே எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவில் பார்க்கலாம். அங்கிருந்து 16 பைசன்களை 2017இல் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அவை பெருகிவருகின்றன. மகளை எல்க் ஐலண்டுக்கு அழைத்துப்போங்கள். மே மாதக் கடைசியில் போனால் கன்றுகளும் இருக்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்கு அருகே மட்டும் போகாதீர்கள், காரைவிட்டு இறங்காமல் பார்ப்பதே நல்லது.

அன்புடன்.